ஆராய்ச்சி மணி

மதுரை,
மார்கழி மாதம்

அன்புள்ள கோமு,

 

உன் கடிதாசி கிடைச்சது. முதல்ல ஊர்க்கதையை முடிச்சிடுறேன், இல்லேன்னா உனக்கு மத்தது எதுவும் காதுல ஏறாது. எதிர்வீட்டு மாடியில குடியிருந்த பேங்க்காரர் மாத்தலாகிப் போயிட்டார். அந்தம்மா கீழ்வீட்ல சொல்லிக்காமலே கிளம்பிட்டாங்க. காரணம் யாருக்கும் தெரியாது, ஆனா தெருவுல ஆளுக்கொரு காரணம் வச்சிருக்காங்க. மார்கழிப் பனியில மல்லிகை வரத்துக் குறைஞ்சு போச்சு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல விலை கேட்டுட்டு, கேட்டதே பாவம்னு திரும்பி வந்தேன். மதினிக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கு. ஆனா யார் வீட்லயாவது விசேஷம்னா மட்டும் அந்த வலி தானா சரியாயிடும்.

இப்ப உன் பேத்தி விஷயம். ஜல்லிக்கட்டு வீடியோவைப் பார்த்துட்டு, "பாட்டி, அந்த மாட்டுக்கு இது பிடிக்குமா?"ன்னு கேட்டிருக்கா. நீ, "பெத்த பிள்ளையாட்டம் வளர்ப்பாங்கடா கண்ணு"ன்னு சொல்லியிருக்கே. அவ விட்டாளா? "அது நீங்க மாட்டைப் பத்திச் சொல்றது. மாடு என்ன சொல்லுது?" அந்த இடத்துல நீ இட்லியை ஊட்டிவிட்டுத் தப்பிச்சிட்டேன்னு எழுதியிருக்கே. வெட்கமா இல்லையாடி? இத்தனை வருஷம் விலங்கியல் நடத்தினவ நான், என்னையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அவ கேட்டது சின்னப்பிள்ளைக் கேள்வி இல்ல. அறுபது வருஷமா உலகம் முழுக்க விஞ்ஞானிகள் அந்த ஒரே கேள்வியைத்தான் சுத்திச் சுத்தி வர்றாங்க. என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி இப்ப கால்நடை டாக்டரா இருக்கா. அவதான் இந்த ஆய்வுக் கட்டுரைகளை எல்லாம் எனக்கு அனுப்புறா. மத்தியானத் தூக்கம் போச்சு, ஆனா நல்லாப் பொழுது போகுது.

நாம ரெண்டு பேரும் வம்பு பேசியே வளர்ந்தவங்க. யார் வீட்ல என்ன நடக்குதுன்னு அவங்க வாயால சொல்லியா தெரிஞ்சுக்கிட்டோம்? மருமக எந்த நேரத்துல மொட்டைமாடிக்குப் போறா, மாமியா யாரைக் கண்டா தெருவை மாத்திப் போறாங்க, குப்பைக்கூடையில ஓட்டல் பொட்டலம் எத்தனை விழுது. இதை வச்சே முழுக் குடும்பக் கதையையும் கட்டிடுவோம்ல? விலங்கு நல ஆராய்ச்சியும் அச்சு அசல் இந்த வேலைதான். அந்த ஜீவன் எதைத் தேடிப் போகுது, எதைக் கண்டு ஒதுங்குது, எதுக்காகச் சிரமப்படத் தயாரா இருக்கு, கழிவுல என்ன வெளியேறுது. அவங்க எண்ணிக் கணக்கு வைக்கிறாங்க, தப்பா ஊகிச்சா இன்னொருத்தர் வந்து உடைச்சிடுவார். நமக்குத்தான் அந்தத் தொல்லை கிடையாது.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில எல்லாருக்கும் தேரும், மகனும், கன்னுக்குட்டியும்தான் நினைவு. எனக்கு இப்ப அந்த மணிதான் பெருசாத் தெரியுது. மணியைக் கட்டினது மட்டுமில்ல, மாட்டுக்கு எட்டுற உயரத்துல கயிறைத் தொங்கவிட்டிருக்கான் பாரு. நியாயம் கேட்டு வர்றது மனுஷனாத்தான் இருக்கணும்னு அவன் நினைக்கலை. இப்ப ஆய்வுக்கூடத்துல நடக்கிறது முக்காவாசி இந்தக் கயிறு தொங்கவிடுற வேலைதான்.

கோழியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1964ல ரூத் ஹாரிசன்னு இங்கிலாந்துல ஒரு அம்மா, பண்ணை விலங்குகளை வெறும் இயந்திரமா நடத்துறாங்கன்னு புத்தகம் எழுதினாங்க. ஊர் கொந்தளிச்சதும் அரசாங்கம் பிராம்பெல்ங்கிற விலங்கியல் பேராசிரியர் தலைமையில கமிட்டி போட்டுச்சு. 1965ல அறிக்கை வந்தது. எழுந்திருக்க, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்க, கைகாலை நீட்ட, இவ்வளவுக்காவது விலங்குக்கு இடம் வேணும்னு சொன்னாங்க. பின்னாடி இதுலேருந்துதான் 'ஐந்து சுதந்திரங்கள்' வந்தது. பசி தாகம் கூடாது, அசௌகரியம் கூடாது, வலி காயம் நோய் கூடாது, பயமும் மனவேதனையும் கூடாது, தன் இயல்புப்படி நடந்துக்க விடணும். இந்த அஞ்சையும் ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி அலங்காநல்லூருக்கு வரும்.

அந்தக் கமிட்டி கோழிக்கூண்டுக்கும் ஒரு யோசனை சொல்லுச்சு. மெல்லிசுக் கம்பி வலையில நின்னா காலு நோகும், தடிமனான கம்பி போடுங்கன்னாங்க. கேட்கிறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. 1973ல ஹியூஸ், பிளாக்னு ரெண்டு பேர் ரெண்டு விதத் தரையையும் போட்டு, கோழிகளை அதுங்க இஷ்டத்துக்கு நிக்க விட்டாங்க. கோழிங்க போய் நின்னது கமிட்டி வேண்டாம்னு சொன்ன மெல்லிசு வலையில! கண்ணி நெருக்கமா இருந்ததால பாதத்துக்கு நிறைய இடத்துல தாங்கல் கிடைச்சிருக்கு. கோழிமேல அக்கறையில்லாமலா கமிட்டிக்காரங்க அப்படிச் சொன்னாங்க? நிறைய அக்கறை இருந்தது. கோழியைக் கேட்கலை, அவ்வளவுதான். எனக்கு இந்த ஒரு கதையே போதும் கோமு. நல்ல மனசு இருந்தா மட்டும் சரியான பதில் வந்துடாது.

நம்ம நாமக்கல் முட்டை இல்லாம இங்க எந்த சத்துணவுக்கூடமும் ஓடாது. அந்த முட்டையிடுற கோழிக்குக் கூண்டுல கிடைக்கிறது ஏறக்குறைய ஒரு ஏ4 தாள் அளவு, சில இடத்துல அதைவிடவும் கம்மி. நம்ம வீட்டுக் கொல்லையில கோழி மண்ணைக் கிளறி, குழிபறிச்சு, புழுதியில புரண்டு குளிக்கும்ல? கூண்டுல மண்ணு கிடையாது. இருந்தாலும் கம்பி வலைமேல உக்காந்து இல்லாத மண்ணை அள்ளி மேல போட்டுக்கிற மாதிரி மொத்தச் சடங்கையும் செய்யும். இதைப் பல ஆய்வாளர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. இன்னொண்ணு. முட்டையிடுற நேரம் நெருங்க நெருங்க, மறைவான கூடு ஒண்ணுக்காகக் கோழி கனமான கதவைத் தள்ளும். பட்டினி கிடந்த கோழி இரைக்காக எவ்வளவு பலமாத் தள்ளுமோ அவ்வளவு பலமா. முட்டை போடப் போற தாய்க்கு ஒரு மறைவு வேணுங்கிறது சோத்துக்குச் சமமான தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரியிலிருந்து வெறுங்கூண்டைத் தடை பண்ணிடுச்சு. இங்க சட்ட ஆணையம் 2017ல இதைப் பத்தித் தனியா ஒரு அறிக்கையே கொடுத்திருக்கு. முட்டை விலை ஏறுமேன்னு எல்லாரும் கணக்குப் போட்டுக்கிட்டிருக்காங்க. சத்துணவுப் பிள்ளைங்க தட்டை நினைச்சா அந்தக் கணக்கையும் என்னால தள்ளிவிட முடியலை.

இதைக் கேட்டா உன் பேத்தி சிரிப்பா. கோழிக்கு முகம் சிவக்குமாம்டி! பிரான்ஸ் வேளாண் ஆய்வு நிறுவனத்துக்காரங்க 2024ல வெளியிட்டிருக்காங்க. நிம்மதியா இருக்கும்போது கோழியோட கன்னத்துத் தோல் வெளிறி இருக்கு. பயமோ பரபரப்போ வந்தா சிவக்குது. பிரியமான தீனியைக் கண்ட சந்தோஷத்துலயும் கொஞ்சம் சிவக்குது. மதினிகிட்ட சொன்னேன். "அதை ஏன் பார்க்கிறாங்க, குழம்பு வைக்கிறதை விட்டுட்டு"ன்னுட்டாங்க.

மதினி வீட்டு மாடு லட்சுமி இருக்குல்ல, அது கரண்டுக் கம்பத்துல போய்க் கழுத்தைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கும். "தெனவெடுத்த மாடு"ன்னு மதினி வைவாங்க. கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துல 2018ல ஒரு சோதனை. கதவுக்குப் பின்னால ஒரு தடவை புதுத் தீவனம், இன்னொரு தடவை சுத்துற பிரஷ். கதவுல எடையைக் கூட்டிக்கிட்டே போனாங்க. தீவனத்துக்கு எவ்வளவு கனத்தைத் தள்ளுச்சோ, கிட்டத்தட்ட அவ்வளவு கனத்தை உடம்பைச் சொறிஞ்சுக்கிற பிரஷுக்காகவும் மாடு தள்ளுச்சு. அதே குழு அதுக்கு முந்தின வருஷம் மேய்ச்சல் வெளியைக் கதவுக்கு அந்தப் பக்கம் வச்சுப் பார்த்தது. அதுக்கும் அதே பலம். இதை மதினிகிட்ட சொல்லிட்டு, தேங்காய்நார்ப் பிரஷ் ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். இப்ப லட்சுமி என்னைக் கண்டாலே கழுத்தை நீட்டுது. மதினிக்குக் கொஞ்சம் பொறாமை.

மேய்ச்சல்னு சொன்னதும் எனக்கு மானாமதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் மாட்டுக் கிடைகள்தான் ஞாபகம் வந்துச்சு. அறுப்பு முடிஞ்ச வயல்ல ராத்திரி கிடை போட்டு, விடிஞ்சதும் கூட்டமா நடந்து மேய்ஞ்சு, அடுத்த ஊருக்குப் போற மாடுகள். கோடையில வயித்துக்குப் பத்தாது, நல்ல தண்ணிக்கு அலையணும். அந்த வகையில அதுங்க பாடு திண்டாட்டம்தான். ஆனா நடக்க வெளி இருக்கு, கூட்டம் இருக்கு, கன்னு தாயோட திரியுது. டவுன்ல ஒத்தை மாட்டை ஷெட்ல கட்டி, நேரத்துக்குப் புண்ணாக்கும் தவிடும் வைக்கிறவங்க, நம்ம மாடு ராஜபோகம்னு நினைக்கிறாங்க. எது நல்ல வாழ்க்கைன்னு ஒத்தை மார்க்குல சொல்ல முடியாது. நியூசிலாந்துல மெல்லர்ங்கிறவர் 1994ல ஒரு கூட்டாளியோட சேர்ந்து வகுத்த முறை இதைத்தான் சொல்லுது. தீனி, சுற்றுப்புறம், உடல்நலம், நடத்தை, இது நாலையும் சேர்த்துப் பார்த்து மனநிலையை அஞ்சாவதா ஊகிக்கணும். துன்பம் இல்லேங்கிறது மட்டும் போதாது, சந்தோஷப்பட ஏதாவது இருக்கான்னும் பார்க்கணும்னு இப்ப அந்தத் துறையே திரும்பியிருக்கு.

'அடியாத மாடு படியாது'ன்னு நம்ம பெரியவங்க சொல்வாங்கள்ல? ஆஸ்திரேலியாவுல ஹெம்ஸ்வொர்த்ங்கிறவர் பல வருஷம் இதையே ஆராய்ஞ்சிருக்கார். ஆளைக் கண்டு பயப்படுற மாடு பால் குறைச்சுக் கொடுக்குது. 2009ல நியூகாசில் பல்கலைக்கழகத்துல 500க்கு மேற்பட்ட பண்ணைக்காரங்களைக் கேட்டுப் பார்த்தாங்க. மாட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுற பண்ணையில ஒரு ஈத்துக்கு 258 லிட்டர் பால் அதிகம். பேர் வச்சதாலயா பால் வந்தது, பேர் வைக்கிற மனசுள்ளவங்க மத்ததையும் ஒழுங்காச் செய்றதாலயான்னு அந்தக் கணக்கை வச்சுப் பிரிக்க முடியாது. எப்படியோ, நம்ம பக்கம் பேர் இல்லாத மாடு உண்டாடி?

தெருநாய்ச் சண்டை இங்க உச்சத்துல இருக்கு. 2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடிச்சு அடைங்கன்னுச்சு. பத்து நாள்ல மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடிச்ச இடத்துலயே விடுங்கன்னுச்சு. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நாயே இருக்கக்கூடாதுன்னுச்சு. எங்க தெரு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கிடக்கு. சோறு வைக்கிற கட்சி ஒண்ணு, கல்லெடுக்கிற கட்சி ஒண்ணு. கடி வாங்குன பிள்ளையோட அம்மா கல்லெடுத்தா நான் என்னத்தைச் சொல்ல? ரேபீஸ் வந்துட்டா அப்புறம் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். கோபத்துக்குக் காரணம் இருக்கு.

ஆனா கொல்கத்தா ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்துல அனிந்திதா பத்ரான்னு ஒரு பேராசிரியை இருக்காங்க. வெளிநாட்ல பெரும்பாலும் வளர்ப்பு நாயை ஆராயும்போது, இவங்க குழு நம்ம ஊர்த் தெருநாய்களையே ஆராயுது. 2020ல ஒரு சோதனை. ரெண்டு கிண்ணத்தை வச்சுட்டு, முன்னப்பின்ன தெரியாத ஆள் ஒண்ணைக் கையால காட்டணும். கிட்ட வந்த நாய்கள்ல சுமார் 80 சதவீதம், பழக்கமே இல்லாம, கை காட்டுன கிண்ணத்துக்குச் சரியாப் போச்சு. அதைவிட எனக்கு முக்கியமாப் பட்டது மத்த பாதி. பாதி நாய் கிட்டவே வரலை. மனுஷங்ககிட்ட முன்ன பட்டதை நினைச்சுத் தயங்கியிருக்கலாம்னு சொல்றாங்க. 2017ல இன்னொண்ணு. ஒரு கூட்டத்துக்குத் தீனி, இன்னொரு கூட்டத்துக்குத் தலையில தடவல், இப்படி மாத்தி மாத்திப் பழகிப் பார்த்தாங்க. தடவிக்கொடுத்த ஆள்மேலதான் நாய்க்கு நம்பிக்கை அதிகமா வந்தது. எங்க தெரு மீட்டிங்ல இதைச் சொன்னேன். சோறு வைக்கிற கட்சிக்காரங்க, "அப்ப சோறு வேண்டாமா?"ன்னாங்க. கல்லெடுக்கிற கட்சி, "டீச்சர் நாயைத் தடவச் சொல்றாங்க"ன்னு சிரிச்சுது. கருத்தடைக்கும் ஊசிக்கும் நாயைப் பிடிக்கணும்னா அது நம்மளை நம்பிக் கிட்ட வந்தாத்தானே முடியும்? அதைச் சொல்றதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சு வடை வந்துடுச்சு.

யானைக்கு வர்றேன். நம்ம மீனாட்சி கோயில் பார்வதிக்குக் கண்புரை வந்து, 2022ல தாய்லாந்துலேருந்து டாக்டருங்க வந்து பார்த்தாங்க, ஞாபகமிருக்கா? அது குளிக்கக் கோயிலுக்குள்ளயே தொட்டியும் கட்டினாங்க. ஊரே அதுமேல உசிரா இருக்கு. நானும்தான், ஆடி வீதியில அதைக் கண்டா நின்னு பார்க்காம வந்ததில்ல. ஆனா ஒரு பொட்டை யானை காட்டுல எப்படி இருக்கும்? அம்மா, சித்தி, அக்கா, தங்கச்சி, பேத்தின்னு ஒரு பெருங்குடும்பத்துக்குள்ள பிறந்து அதுக்குள்ளயே சாகும். மயிலாடுதுறைக்குப் பக்கத்துல மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில வனிதா, தியாகேசன், பாஸ்கரன்னு மூணு பேர் தமிழ்நாட்டு யானைகளை மூணு வகையாப் பிரிச்சு ஆராய்ஞ்சாங்க. கோயில்ல, தனியார்கிட்ட, வனத்துறை முகாம்ல. 2011ல வந்த கட்டுரை அதுங்களோட கூட்டு வாழ்க்கையைப் பத்தினது. கோயில் யானை பெரும்பாலும் ஒத்தையாத்தான் நிக்குது. முகாம் யானைக்குத்தான் துணையும், மேய்ச்சலும், ஆத்துத் தண்ணியும்.

யானை மனசை எப்படிக் கேட்கிறது? அங்கதான் குப்பைக்கூடை வேலை வருது. மன உளைச்சல் வந்தா உடம்புல சுரக்கிற ஹார்மோனோட எச்சம் சாணத்துல வெளியேறும். யானையைத் தொடவே வேண்டாம், போட்டதை அள்ளிக்கிட்டுப் போனாப் போதும். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்துல உமாபதி குழு 2019ல இந்த முறையில பல இடத்து வளர்ப்பு யானைகளைப் பார்த்தாங்க. ஊர்வலம், திருவிழான்னு கலந்துகிட்ட யானைகளுக்கு அந்த எச்சம் அதிகமா இருந்தது. வெடிச் சத்தமும் கூட்டமும் கல்தரையும் யானைக்குப் பெருமையா பாடான்னு அதுங்க சாணத்துல எழுதிக் கொடுத்திருக்கு. இங்க நம்ம உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2023ல, இனிமே கோயிலோ தனியாரோ புதுசா யானை வாங்கக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். விருதுநகர்ல லலிதான்னு ஒரு யானை விஷயமா வந்த வழக்கு. அவரே நேர்ல போய் அதைப் பார்த்துட்டு வந்தார். கோயில் யானைங்களுக்கு முன்ன வருஷா வருஷம் தேக்கம்பட்டியில பவானிக்கரையில நடந்த நலவாழ்வு முகாமும் நின்னுபோச்சு. 48 நாளாவது அதுங்க ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டிருந்துச்சு. பார்வதிமேல பாசம் உள்ள எல்லாரும் ஒரு கேள்வி கேட்கணும்: அது கடைசியா இன்னொரு யானையைத் தொட்டது எப்போ?

சரி, உன் பேத்தியோட கேள்வி. பாலமேட்டுப் பக்கத்துல என் அண்ணன் மகன் இருக்கான்ல, அவன் கருப்புன்னு ஒரு காளை வச்சிருக்கான். போன ஆவணியில ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பொண்ணு நர்ஸ். பொண்ணு வீட்ல, "எல்லாம் சரி, அந்த மாட்டை மட்டும் வித்துட்டா முடிச்சிடலாம்"ன்னாங்களாம். இவன் சம்பந்தத்தையே விட்டுட்டான். அண்ணன் இன்னும் அவன்கிட்ட முகம் கொடுத்துப் பேசலை. பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், நீச்சல், நடை, மண்ணு குத்துற பயிற்சின்னு தினமும் அதோட கிடக்கான். அவன் காளைக்காக எவ்வளவு கனமான கதவைத் தள்ளுவான்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா இதுல அளந்தது அவன் பாசத்தைத்தான். கருப்போட விருப்பத்தை யாரும் இன்னும் அளக்கலை.

2013 ஜனவரியில விலங்கு நல வாரியம் அனுப்புன ஆளுங்க அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூணு இடத்துலயும் பார்த்து எழுதுன அறிக்கைதான் உச்ச நீதிமன்றத்துல பெரிய சாட்சியா நின்னது. காதை வெட்டுறது, வாலை முறுக்கிக் கடிக்கிறது, கம்பால குத்துறது எல்லாம் அதுல இருந்தது. மாடு அடிக்கடி சாணி போடுது, மூத்திரம் விடுதுன்னும் எழுதியிருந்தாங்க. அது பயத்தோட அடையாளம். 2014 மே 7ல வந்த தீர்ப்பு நான் சொன்ன அஞ்சு சுதந்திரத்தையும் எடுத்து வச்சு ஜல்லிக்கட்டைத் தடை பண்ணுச்சு. 2017 ஜனவரியில அந்தத் தடையை எதிர்த்துத் தமுக்கத்துல ராவும் பகலும் பிள்ளைங்க உக்காந்ததையும், அலங்காநல்லூர்ல நடந்ததையும் உனக்குச் சொல்லணுமா? தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2023 மே 18ல அஞ்சு நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும்னுட்டாங்க. இப்ப விதிமுறை இருக்கு, கால்நடை டாக்டர் பரிசோதனை இருக்கு, வாடிவாசல்லேருந்து 15 மீட்டருக்குள்ளதான் திமிலைப் பிடிக்கணும். வாலைத் தொட்டா வெளியே அனுப்பிடுவாங்க. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. இது நான் கண்ணால பார்த்தது.

ஆனா பாரு, ரெண்டு பக்கத்துக்காரங்களும் மாட்டுக்காகத்தான் வாதாடினாங்க. மாடு எந்தப் பக்கம்னுதான் தெரியலை. அதைக் கேட்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். நார்வேயில 2002ல பசுவோட முழியில தெரியுற வெள்ளையை அளந்தாங்க. தீனியைக் கண்ணுல காட்டிட்டு எட்டவிடாம வச்சப்போ வெள்ளை அதிகமாத் தெரிஞ்சது, வயிறு நிறைஞ்சு நிம்மதியா இருந்தப்போ குறைஞ்சது. அண்ணன் மகன்கிட்ட சொன்னேன். "வெள்ளை முழி காட்டுனா கிட்டப் போகக்கூடாதுன்னு எங்க அப்பத்தாவே சொல்லும் அயித்தை"ன்னான். அப்ப வாடிவாசல்ல எத்தனை காளை வெள்ளை முழி காட்டுதுன்னு எண்ணலாமா? முதல் நாள் ராத்திரியிலிருந்தே டோக்கனோட வரிசையில நிக்குதே, அந்த நிப்பு மாட்டுக்குப் பெரிய வேதனையா, கட்டவிழ்த்துவிட்ட அந்தச் சில நொடியான்னு சாணத்தை எடுத்துப் பார்க்கலாமா? எனக்கென்னவோ அந்தக் காத்திருப்பும் லாரிப் பயணமும்தான் ஆட்டத்தைவிடக் கொடுமையா இருக்கும்னு ஒரு சந்தேகம். அளந்தாத்தான் தெரியும். அளக்கிறதுலயும் சூது இருக்கு. சந்தோஷப் பரபரப்புலயும் அதே ஹார்மோன் ஏறும். அதனால ஹார்மோன், காது, கண்ணு, வாலு எல்லாத்தையும் சேர்த்துப் படிக்கணும். எல்லாத்தையும்விட நேரான கேள்வி ஒண்ணு இருக்கு. ஒரு தடவை அவிழ்த்துவிட்ட காளை, மறு வருஷம் அந்த வாசலைக் கண்டதும் தானா முன்னால போகுதா, கயிறை இழுத்துக்கிட்டுப் பின்வாங்குதா?

இதைக் கேட்டதும் அவனுக்கு மூக்குமேல கோபம் வந்துடுச்சு. "கருப்பு முன்னாலதான் போவான் அயித்தை, துள்ளிக்கிட்டுப் போவான்."

"போனா நல்லது. நானே ஊரெல்லாம் சொல்வேன். பின்வாங்குனா?"

அதுக்கு அவன்கிட்ட பதில் இல்ல. "வேலை இருக்கு"ன்னு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். மறுநாள் அவன் வீட்டுலேருந்து வழக்கம்போலப் பால் வந்துடுச்சு. கோபத்துல கொஞ்சம் தண்ணி கூடுதலா இருந்தது.

அதனால பேத்திகிட்ட இப்படிச் சொல்லு: "பிள்ளையாட்டம் வளர்க்கிறாங்க, அது நிஜம். மாட்டுக்குப் பிடிக்குதான்னு இன்னும் யாரும் சரியாக் கேட்கலை. கேட்கிறதுக்கு இப்ப வழி வந்துடுச்சு." ஒண்ணு மட்டும் அவளுக்குப் புரியுற மாதிரிச் சொல்லணும். கேட்கிறதுன்னா 'மாட்டேன்'னு வர்ற பதிலையும் வாங்கிக்கத் தயாரா இருக்கணும். 'ஆமா'வுக்கு மட்டும் காது கொடுக்கிறது கேள்வியே இல்ல. ஜல்லிக்கட்டு வேணும்கிறவங்களுக்கும் சரி, வேண்டாம்கிறவங்களுக்கும் சரி, இது ரெண்டு பக்கமும் வெட்டும். காளை நிஜமாவே துள்ளிக்கிட்டு முன்னால போனா, வேண்டாம்கிறவங்களும் அதை ஒத்துக்கணும்ல?

தைக்கு மகளோட அவளை இங்க அனுப்பு. பாலமேட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கிட்டு வரட்டும். காது எந்தப் பக்கம் திரும்புது, முழி எப்படி இருக்கு, வாசல்ல நிக்குதா நடக்குதான்னு எழுதட்டும். என் அண்ணன் மகனையும் பக்கத்துல உக்காத்தி வைக்கிறேன், சண்டை போட்டுக்கிட்டே எண்ணட்டும். ரெண்டு பேர் எண்ணுனது ஒத்து வந்தாத்தான் கணக்கு, அதையும் சொல்லி அனுப்பு.

நண்டு கேட்டிருந்தியே, அனுப்ப மாட்டேன். அதுக்கும் வலிக்கும்னு ஆராய்ச்சி சொல்லுது. இங்கிலாந்துல 2022லயே நண்டையும் கணவாயையும் விலங்குநலச் சட்டத்துல சேர்த்துட்டாங்க. நண்டு ரசத்தை நான் விட்டுட்டேன்னு நினைக்காதே. உயிரோட கொதிதண்ணியில போடுற வழக்கத்தைத்தான் எங்க அடுப்படியில நிறுத்தியாச்சு. மதினி இதுக்கும் ஏதோ சொன்னாங்க. அதை அடுத்த கடிதாசியில எழுதுறேன், அது தனிக்கதை.

மாப்பிள்ளைக்கு விசாரிப்பு. பதில் போடு, சும்மா போன்ல "நல்லா இருக்கேன்"னு சொல்லித் தப்பிக்காதே.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்டு